பிள்ளை படத்தில் நடிக்கப் போகிறாளா? ஒரு வெள்ளவத்தை அம்மாவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் என் மகள் ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது, தரம் 3. பெரிய பாத்திரம் இல்லை. கதாநாயகியின் கடைசித் தங்கை, மொத்தம் பதினொரு நாள் படப்பிடிப்பு. அன்றிலிருந்து பாடசாலை வாசலிலும் கோயிலிலும் சொந்தக்காரரின் வட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் அனுப்பி அலுத்துப்போய் இங்கே எழுதிவைக்கிறேன். நான் சினிமாக்காரி இல்லை, வங்கியில் வேலை. கிட்ட இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒடிஷன் நடக்கிறது என்று எப்படித் தெரியவந்தது?

மகளின் நடன டீச்சர் அனுப்பிய ஒரு செய்தி. "ஏழு முதல் பத்து வயது, தமிழ் கதைக்கும் பெண்பிள்ளை, அனுபவம் தேவையில்லை" என்று மூன்று வரி. கொழும்பில் தமிழ்ப் படம் எடுப்பவர்கள் கொஞ்சப் பேர், கையிலும் காசு குறைவு. அதனால் விளம்பரம் போடமாட்டார்கள். நடன வகுப்பு, நாடகப் பட்டறை, தெரிந்த ஆசிரியர்கள் என்று வாய்வழியாகத்தான் செய்தி போகும். சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களுக்கும் சில சமயம் தமிழ்ப் பிள்ளைகளைத் தேடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அந்த டீச்சர்மாரின் காதில் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள், போதும்.

பதிவுக் கட்டணம், போட்டோ அல்பத்துக்குக் கட்டணம் என்று கேட்கிறார்களே?

எழும்பி வந்துவிடுங்கள். பிள்ளைக்கு அவர்கள்தான் காசு தரவேண்டும், நீங்கள் அல்ல. "முதலில் எங்கள் நடிப்பு வகுப்பில் சேருங்கள், பிறகு வாய்ப்புத் தருகிறோம்" என்பதும் இதே கதைதான். தயாரிப்பாளர் யார், படம் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தில் பதிவாகியிருக்கிறதா, இதற்கு முன் என்ன செய்திருக்கிறார்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். ஒழுங்கானவர்கள் கோபிக்கமாட்டார்கள். பிள்ளையைத் தனியாக உள்ளே அனுப்பச் சொன்னால் அதற்கும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

ஒடிஷனில் என்ன செய்யச் சொல்லுவார்கள்?

பம்பலப்பிட்டியில் ஒரு தொடர்மாடி வீட்டின் மண்டபம். நாற்பது பிள்ளைகளாவது வந்திருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்த இலக்கம் 23. முதலில் கமராவைப் பார்த்துப் பெயர், வயது, படிக்கும் வகுப்பு. பிறகு இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. அதற்குப் பிறகு "பிடித்த ஏதாவது ஒன்று செய்து காட்டுங்கோ" என்றார் இயக்குநர்.

இங்கேதான் நாங்கள் சறுக்கினோம். பாடசாலைகளுக்கிடையில் நடக்கும் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளையைத் தயார்படுத்திய எந்த வீட்டுக்கும் இது விளங்கும். மகள் கோட்ட மட்டத்தில் பாவோதலில், அதாவது கவிதை சொல்வதில், பரிசு வாங்கியவள். அம்மம்மாதான் பழக்கினா. "வானம்" என்றால் கை மேலே போகவேண்டும், "நெஞ்சம்" என்றால் நெஞ்சுக்கு வரவேண்டும், கடைசி வரியில் குரல் நடுங்கவேண்டும். அவள் அதை ஒரு பிசகில்லாமல் செய்தாள். நான் பின்னால் நின்று கூடவே வாயசைத்தேன். அறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இயக்குநர் சிரித்துவிட்டு, "நல்லாயிருக்கு. இப்ப தாய் அழுது புலம்புற மாதிரி இல்லாம, சும்மா கதைப்பம்" என்றார். எனக்கு முகம் சுட்டது.

பிறகு தன் போனை அணைத்து அவளிடம் கொடுத்தார். "அம்மம்மாவோட கதையுங்கோ. இண்டைக்கு வரமாட்டம் எண்டு சொல்லோணும்."

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை, மணி அடிக்கும்வரை காத்திருந்திருக்கிறாள். "ஹலோ அம்மம்மா." ஒரு இடைவெளி. "அம்மம்மா, டிவியைக் குறையுங்கோ." இன்னொரு இடைவெளி. "டிவியை... டிவி, டிவி!" பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து, இயக்குநரைப் பார்த்து, "அவவுக்குக் கேக்காது, கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள்.

வீட்டில் நடக்கிறதை அப்படியே செய்தாள், அவ்வளவுதான். அந்த இடத்தில்தான் அவளை எடுத்துவிட்டதாகப் பிறகு உதவி இயக்குநர் சொன்னா. வசனத்தைவிட, இடையில் அவள் சும்மா நின்று காது கொடுத்ததைத்தான் பார்த்தார்களாம்.

அப்படியென்றால் வீட்டில் ஒன்றும் பழக்கக்கூடாதா?

பழக்கலாம், ஆனால் கையை எங்கே தூக்குவது, எங்கே குரலை இறக்குவது என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். கமரா முகத்துக்கு இரண்டு அடி தள்ளி நிற்கும். மேடையில் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரவேண்டிய சைகை அங்கே பூதம்போலத் தெரியும். அம்மம்மாவிலும் பிழை சொல்லமுடியாது. அவ சின்ன வயதில் ரேடியோ சிலோன் சிறுவர் மலர் நிகழ்ச்சியில் ஸ்டூலில் ஏறி நின்று கவிதை சொன்ன தலைமுறை. முகம் தெரியாத இடத்தில் குரல்தான் எல்லாவற்றையும் சுமக்கவேண்டும். அந்த நிகழ்ச்சியை நடத்திய வானொலி மாமா சொல்லிக்கொடுத்ததை அவ எழுபது வயதிலும் விடவில்லை.

இன்னொரு வியாதி இந்தியத் தொலைக்காட்சித் தொடர். ஒடிஷனுக்கு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் வாயைத் திறந்ததும் சென்னைத் தமிழ் வந்தது. வீட்டில் "அம்மா பசிக்குது, சாப்பாடு தாங்கோ" என்கிற பிள்ளை கமராவைக் கண்டதும் "மம்மி, சாப்பாடு குடுங்க" என்றது. நடிப்பு என்றால் அந்தப் பாஷைதான் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். இங்கே எடுக்கிற படத்துக்கு இங்கே கதைக்கிற தமிழ்தான் வேண்டும். எங்கள் மகள் கதைப்பது பாதி யாழ்ப்பாணம், பாதி கொழும்பு, நடுவில் கொஞ்சம் சிங்களம். அதைத் திருத்தப்போகாதது நல்லதாகப் போய்விட்டது.

வசனம் கையில் வந்த பிறகு நாங்கள் செய்தது இதுதான்: இரவு படுக்கும்போது முழுக் காட்சியையும் கதையாக வாசிப்போம். இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வேண்டும், அக்கா ஏன் கோபமாக இருக்கிறா என்று கதைப்போம். மற்றவரின் வசனத்தை நான் தட்டையாக, உணர்ச்சி இல்லாமல் சொல்லுவேன். நான் உணர்ச்சியோடு சொன்னால் அவள் என்னைக் கொப்பி பண்ணுவாள்.

வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் எப்படி எடுப்பது?

போனைக் கிடையாகப் பிடியுங்கள், பிள்ளையின் கண் உயரத்தில். யன்னல் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழவேண்டும், முதுகில் அல்ல. பின்னால் வெறும் சுவர். மின்விசிறியை நிறுத்துங்கள், அந்த இரைச்சல் வசனத்தைத் தின்றுவிடும். மற்றப் பாத்திரத்தின் வசனத்தை வாசிப்பவர் கமராவுக்குப் பக்கத்தில் நிற்கட்டும், அப்போதுதான் பிள்ளையின் இரண்டு கண்ணும் தெரியும். பாட்டு, பில்டர், பூப்போட்ட தலைப்பு ஒன்றும் வேண்டாம்.

போய்வந்து பதிலே வரவில்லை. திறமை இல்லையென்றா அர்த்தம்?

இல்லை. அக்காவாக நடிப்பவரின் முகச்சாயல், உயரம், நிறம் எல்லாம் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். எங்களுக்குப் பிறகு வந்த ஒரு பிள்ளை மகளைவிட நன்றாகச் செய்தாள், ஆனால் "அக்கா"வின் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள். ஒன்று மட்டும்: போகும்போதே பிள்ளையிடம் "இண்டைக்கு ஒரு விளையாட்டுக்குப் போறம்" என்று சொல்லிவையுங்கள். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் போனால் திரும்பி வரும் வழி நீளமாகிவிடும்.

ஒப்பந்தம், சம்பளம், சட்டம்?

பிள்ளைக்காகக் கையெழுத்து வைப்பது நீங்கள். ஆறுதலாக வாசியுங்கள். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. நடிப்பு கடை வேலைபோல இல்லை என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை நீங்களே நடத்தாமல் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டுங்கள். நான் எழுத்தில் கேட்டு வாங்கியவை: ஒரு நாளில் இடைவேளையோடு சேர்த்து எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இல்லை, இரவு ஏழுக்குப் பிறகு இல்லை, எந்நேரமும் நானோ அப்பாவோ கூட இருப்போம், காட்சியில் மாற்றம் வந்தால் முதல்நாளே சொல்லவேண்டும், டப்பிங் நாட்களும் சம்பளத்துக்குள் சேரும். ஏழு மணி என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சம்பளம் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு சைக்கிளும் மிச்சக் காசும். மிச்சம் அவளின் பெயரில் திறந்த சிறுவர் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. வங்கிக்காரியின் பிள்ளைக்கு வேறு எங்கே போகும்?

படப்பிடிப்பில் பிள்ளைக்கு ஏதாவது தவறு நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இலவசமாக அழைக்கலாம். போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலை?

அதிபருக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்தோம். பதினொரு நாளில் ஏழு நாள் தவணை விடுமுறைக்குள் வந்தது. மிச்ச நாலு நாளுக்கும் வகுப்பு டீச்சர் கொப்பியில் வேலை எழுதிக் கொடுத்தா, அதை மேக்கப் அறையில் இருந்து செய்தாள். தரம் 5 என்றால் வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் இன்னொரு சுமையை அந்தச் சின்னத் தோளில் ஏற்றாதீர்கள். (அந்தப் பரீட்சையைப் பற்றி எனக்கு வேறு கருத்துகளும் உண்டு. அது இன்னொரு நாளைக்கு.)

முதல் நாள் எப்படி இருந்தது?

விடிய நாலரைக்கு எழும்பினோம். ஆறு மணிக்கு ஸ்பொட்டில் நிற்கவேண்டும். வெள்ளவத்தையிலேயே, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீடு. "நடந்து போற தூரம்தானே" என்று சந்தோஷப்பட்டோம். அந்தத் தூரத்தில்தான் ரயில் பாதையும் இருக்கிறது. கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களைச் சுமந்துகொண்டு காலையில் ரயில் மாறி ரயில் ஓடும். வசனம் நடுவில் வரும், ரயிலும் வரும். ஒலிப்பதிவாளர் தலையில் ஹெட்போனோடு கையைத் தூக்குவார், எல்லோரும் சிலைபோல நிற்பார்கள். மூன்றாம் நாள் மகளே ஒலிப்பதிவாளருக்கு முன்பாகக் கையைத் தூக்கத் தொடங்கிவிட்டாள்.

முதல் நாள் எடுத்தது ஒரே ஒரு காட்சி. அக்கா வேலைக்கு வெளிக்கிடுகிறா, தங்கை சமையலறைப் படியில் இருந்து கிம்புலா பணிஸ் (முதலை வடிவில், மேலே சீனி தூவிய பணிஸ்) சாப்பிட்டுக்கொண்டே "எப்ப வருவீங்கள்?" என்று கேட்கவேண்டும். எழுதினால் நாலு வரி. எடுக்க ஒரு பகல்.

முதலில் வீடு முழுவதும் தெரிய ஒருமுறை. பிறகு அக்காவின் தோளுக்கு மேலால் தங்கை. பிறகு தங்கையின் தோளுக்கு மேலால் அக்கா. பிறகு பணிஸ் பிடித்த கை மட்டும். ஒவ்வொன்றுக்கும் லைட்டை மாற்றவேண்டும், நிலத்தில் ஒட்டிய டேப்பில் கால் சரியாக நிற்கவேண்டும், ஒவ்வொன்றிலும் நாலைந்து டேக். முதல் டேக்கில் மகளுக்கு நல்ல பசி. முதலையின் வாலை ஒரே கடியில் பிய்த்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு வசனம் சொன்னாள். இயக்குநருக்கு நல்லாகப் பிடித்துவிட்டது. பிடித்தால் என்ன நடக்கும்? எல்லாக் கோணத்திலும் அதே கடி வேண்டும். கன்டினியூட்டி, அதாவது ஒவ்வொரு டேக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று, பார்க்கும் அக்கா கொப்பியில் எழுதியிருந்தா: "எப்ப" என்ற சொல்லுக்கு முன் வால், "வருவீங்கள்" சொல்லும்போது சீனி கீழுதட்டில்.

பேக்கரிக்கு ஆள் ஓடி ஓடிப் பதினாலு பணிஸ் வாங்கினார்கள். ஆறாவது வாலில் மகளின் முகம் மாறியது. அப்போதுதான் ஒரு லைட்டிங் அண்ணா ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து படிக்குக் கீழே வைத்துவிட்டு, "கட் சொன்னவுடனே துப்புங்கோ நங்கி, எல்லாரும் அப்பிடித்தான்" என்று காதோடு சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சாப்பிடுகிற காட்சி இருந்தால் சின்னக் கடியாகக் கடிக்கச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள். இந்த முழுப் பக்கத்திலும் உங்களுக்கு உதவப்போவது இந்த ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சிங்களம் தெரியாத பிள்ளை சமாளிக்குமா?

சமாளிக்கும். படம் தமிழ் என்றாலும் கமரா, லைட், மேக்கப் எல்லாவற்றிலும் சிங்களவர்கள் இருந்தார்கள். மகள் முதல் நாள் கற்ற சொல் "தவ எகக்", அதாவது "இன்னொன்று". ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் கமராமேன் சொல்லுவது அது. இப்போது இரவு இரண்டாவது தோசை கேட்பதும் அப்படித்தான்.

அழுகிற காட்சியை எப்படி எடுத்தார்கள்?

இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

ஐந்தாம் நாள், அக்கா வெளிநாட்டுக்குப் போகிற காட்சி. தங்கை அழவேண்டும். உதவியாளர் ஒருவர் மகளின் காதருகே குனிந்து, "அம்மா உங்களை விட்டிட்டு வீட்ட போயிட்டா" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு தந்திரம், பழைய ஆட்கள் செய்வதுதான். நான் மாடிப்படியில் இருந்தேன். மகள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா அங்க இருக்கிறா" என்று கையைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒவ்வொரு "கட்"டுக்கும் அவள் முதலில் படியைத்தான் பார்த்தாள், நான் இருக்கிறேனா என்று.

இயக்குநரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அந்த உதவியாளரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் பிறகு விடவில்லை. அன்று அந்தக் காட்சியை எடுக்கவும் இல்லை.

மறுநாள் இயக்குநர் வேறு விதமாகச் செய்தார். "அழவேண்டாம். அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகேக்க நீங்கள் நிலத்தில இருக்கிற சிவப்புக் கல்லுகளை எண்ணுங்கோ. அக்காவைப் பாக்கக்கூடாது. எத்தனை எண்டு பிறகு எனக்குச் சொல்லோணும்." அவள் தலையைக் குனிந்து எண்ணினாள். வாசல் கதவு மூடுகிற சத்தத்தில் எண்ணிக்கை பிசகி, உதடு அசைவது நின்றது. படத்தில் இருப்பது அதுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கண்ணீர்தான் வேண்டுமென்றால் கிளிசரின் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே பூசுகிற மெந்தோல் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதைப் பூசுகிறார்கள். பிள்ளைக்கு மட்டும் ஏன் பொய்?

பெற்றோர் எங்கே நிற்கவேண்டும்?

பிள்ளை திரும்பினால் தெரிகிற இடத்தில், ஆனால் நடிக்கும்போது அவள் பார்வை விழாத இடத்தில். மொனிட்டருக்குப் பின்னால் போய் நிற்காதீர்கள். உங்கள் முகம் சுருங்குவதைப் பார்த்து அவள் தன்னைத் திருத்தப்பார்ப்பாள். டேக் முடிந்ததும் "இப்பிடிச் செய்திருக்கலாம்" என்று சொல்லவும் வேண்டாம். அதைச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறார். தண்ணீர்ப் போத்தல், மாற்று உடுப்பு, தொப்பி, ஒரு கதைப் புத்தகம், இவைதான் உங்கள் பொறுப்பு. போய் இறங்கியவுடன் கழிப்பறை எங்கே என்று பாருங்கள்.

படப்பிடிப்புக்கு நடுவில் பிள்ளையின் தோற்றம் மாறினால்?

எட்டு வயது என்றால் பல்லைப் பற்றி ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும் போலிருக்கிறது. எங்களுக்கு ஏழாம் நாள் மேல்வரிசைப் பல்லொன்று ஆடத் தொடங்கியது. படத்தைக் கதையின் ஒழுங்கில் எடுப்பதில்லை. முதல் காட்சியை ஒன்பதாம் நாள் எடுப்பார்கள். பல் விழுந்தால் படத்தின் தொடக்கத்தில் ஓட்டை, நடுவில் பல், முடிவில் மறுபடி ஓட்டை. தயாரிப்பு மேலாளர் தினமும் காலையில் போன் எடுத்து "பல் எப்படி?" என்று கேட்டார். அப்பிளுக்குத் தடை, முறுக்குக்குத் தடை. பல் மரியாதையாகப் பன்னிரண்டாம் நாள் விழுந்தது.

தலைமுடி வெட்டுவது, காது குத்துவது, மருதாணி எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.

படப்பிடிப்போடு வேலை முடிந்துவிடுமா?

இல்லை. ரயிலும் கடலும் விழுங்கிய வசனங்களை ஸ்டுடியோவில் மறுபடி பேசவேண்டும். திரையில் தன் வாயைப் பார்த்து அதே வேகத்தில் சொல்லவேண்டும். புதிதாக விழுந்த பல்லால் "ச" எல்லாம் காற்றாகப் போனது. பல் முளைக்கட்டும் என்று ஐந்து கிழமை காத்திருந்தார்கள்.

திரையில் பார்த்தபோது என்ன சொன்னாள்?

குடும்பமாகப் போனோம். அம்மம்மா கேட்கும் கருவியைப் போட்டுக்கொண்டு முன்வரிசை கேட்டா. நடிகர்களுக்காக வைத்த காட்சி என்பதால் மண்டபம் நிறையத் தெரிந்த முகங்கள். ஒரு பகல் முழுக்க எடுத்த சமையலறைக் காட்சி வந்தது. படியில் மகள், கையில் பணிஸ், "எப்ப வருவீங்கள்?" அவ்வளவுதான், காட்சி அக்காவின் முகத்துக்கு மாறிவிட்டது. வால் கடிக்கிறது வெட்டுப்பட்டிருந்தது.

மகள் என் கையைச் சுரண்டினாள். "அம்மா, கடிச்சது எங்க?"

அதற்குள் அம்மம்மா, தான் மெதுவாகக் கதைப்பதாக நினைத்துக்கொண்டு, மண்டபம் முழுவதுக்கும் கேட்க, "பிள்ளைக்கு ஏன் சாப்பிடக் குடுக்கேல்லை?" என்றா.

மறுபடி நடிக்கவிடுவீர்களா?

இரண்டு இடத்திலிருந்து கேட்டார்கள். ஒன்று இரவுப் படப்பிடிப்பு, அதனால் இல்லை என்றேன். மற்றதற்கு வீடியோ அனுப்பியிருக்கிறோம், வெறும் சுவருக்கு முன்னால், விசிறியை நிறுத்திவிட்டு. பதில் இன்னும் வரவில்லை. அவள் இப்போது சைக்கிளுக்குக் கூடை வேண்டுமென்று நிற்கிறாள்.